டீசல் லாரிக்கு பயோடீசல் கலவை: எந்த வண்டிக்கு எது ஒத்துவரும்?

பயோடீசல் கலந்தால் இன்ஜின் கெட்டுப்போகுமா என்று யாராவது கேட்டால், எந்த லாரி, எவ்வளவு ஓடுகிறது என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. தினமும் ஓடி, வாரத்தில் இரண்டு மூன்று முறை டேங்க் நிரப்பும் வண்டியில் ஒரு தொந்தரவும் தராத எரிபொருள், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் பம்பையே பிடித்துவிடலாம். ரப்பர் ஹோஸ் போட்ட பழைய லாரிக்கு வரும் தொல்லை ஒன்று. புகைக்குழாயில் கரிவடிகட்டி பொருத்திய புது லாரிக்கு வரும் தொல்லை வேறு. பி5, பி20, பி100 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் பாதி விஷயத்தைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தாவர எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ மெத்தனாலுடன் வினைபுரியவைத்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகு கிடைப்பதுதான் பயோடீசல். பி20 என்றால் அது 20 சதவீதம், மீதி 80 சதவீதம் சாதாரண டீசல். பொரித்த எண்ணெயை வடிகட்டி நேரே டேங்கில் ஊற்றுவது பயோடீசல் ஆகாது. அதே எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு பதப்படுத்திச் செய்யும் எச்விஓ என்ற புதுப்பிக்கத்தக்க டீசலும் பயோடீசல் ஆகாது. மூன்றும் மூன்று சரக்கு. ஒன்றில் நடந்த சேதத்தை இன்னொன்றின் தலையில் கட்டிப் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சண்டை.

சரி, எதற்காக இந்தப் பாடு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, அந்தக் காலத்துக் கனரக இன்ஜின்களில் பி20 ஊற்றியபோது புகைத்துகள் சுமார் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் கூடியது. வண்டியின் பின்னால் நாள் முழுக்க நின்று சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்கள் சுவாசிக்கும் காற்று இது. அதனால், ஆபத்து இருக்கிறது என்று சொல்லி இதைக் கைகழுவிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊற்ற வேண்டும்.

பி5, பி7: யோசிக்கத் தேவையில்லை

அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி975 தரம் 5 சதவீதம் வரை பயோடீசல் கலந்ததைச் சாதாரண டீசலாகவே எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 590 தரத்தில் அது 7 சதவீதம். இந்த அளவில் இன்ஜினுக்கு எந்த மாற்றமும் வேண்டாம். சொல்லப்போனால் நன்மைதான் அதிகம். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்பும் சேர்ந்து போய்விடுகிறது. உயரழுத்த பம்பும் இன்ஜெக்டரும் எரிபொருளையே மசகாகக் கொண்டு ஓடுபவை. ஒன்றிரண்டு சதவீதம் பயோடீசல் சேர்ந்தாலே அந்த வழவழப்பு திரும்பிவிடும். எத்தனை பழைய வண்டியாக இருந்தாலும், எவ்வளவு புதிய வண்டியாக இருந்தாலும், இங்கே தயங்க வேண்டியதில்லை.

பி20: தேர்வு இங்கேதான்

பெரும்பாலான லாரி உரிமையாளர்கள் உண்மையில் யோசிப்பது இந்தக் கலவையைப் பற்றித்தான். பி6 முதல் பி20 வரைக்கும் ஏஎஸ்டிஎம் டி7467 என்று தனித் தரம் இருக்கிறது. இன்றைய கனரக இன்ஜின் தயாரிப்பாளர்களில் பலர் அந்தத் தரத்தில் உள்ள பி20-ஐ அனுமதிக்கிறார்கள். மைலேஜ் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் குறையும். டிரைவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சிக்கல் வேறு இடங்களில் வருகிறது.

முதல் சிக்கல், மாறிய முதல் சில வாரங்களில் வரும் ஃபில்டர் அடைப்பு. பயோடீசல் நல்ல கரைப்பான். வருடக்கணக்கில் டீசல் ஓடிய டேங்கின் அடியிலும் குழாயிலும் படிந்திருக்கும் கறையையெல்லாம் அது இளக்கிக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். ஏற்றத்தில் லோடுடன் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பாருங்கள். காகித மடிப்புகளுக்குள் கறுப்பாக, நைசாக, விரலில் தேய்த்தால் கரிபோல ஒட்டுகிற படிவு இருந்தால் அது பழைய டேங்க் கறை. இரண்டு மூன்று ஃபில்டரோடு ஓய்ந்துவிடும். வெளிர் மஞ்சளாக, மெழுகுபோலவோ கிரீஸ்போலவோ அப்பியிருந்தால் கதை வேறு. எரிபொருளிலேயே கோளாறு. கொழகொழவென்று பாசிபோல வழுக்கினால் டேங்கில் தண்ணீர் சேர்ந்து கிருமி வளர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். அறுத்துப் பார்க்காமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் எது என்று ஒருநாளும் தெரியாது.

அந்த மெழுகு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த எண்ணெயிலிருந்து செய்தது என்பதைப் பொறுத்து, குளிரில் மெழுகு திரண்டு பயோடீசல் கலங்கத் தொடங்கும் வெப்பநிலை மாறும். சோயாவிலிருந்து செய்தது 0 டிகிரி செல்சியஸ் அருகில் கலங்கும். பாமாயிலிலிருந்து செய்தது 13 டிகிரிக்கு மேலேயே கலங்கத் தொடங்கிவிடும். கடுங்குளிர் இல்லாத ஊரிலும் மலைப்பாதையில் ஒரு இரவு வண்டி நின்றால் போதும். இதைவிடத் தந்திரமானது, சரியாக வினைபுரியாமல் தங்கிவிட்ட மோனோகிளிசரைடு. கலங்கும் வெப்பநிலைக்கு மேலே இருக்கும்போதே அது மெதுவாகத் திரண்டு வண்டலாகும். அப்புறம் வெயில் ஏறினாலும் எளிதில் கரையாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2005-ல் வெறும் 2 சதவீதம் கலப்பதைக் கட்டாயமாக்கியபோது, தரம் தவறிய பயோடீசலால் குளிர்காலத்தில் லாரிகளின் ஃபில்டர் அடைத்து, அந்த விதியையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. வெறும் 2 சதவீதத்தில்! பின்னாளில் அதே மாநிலம் கோடை மாதங்களில் பி20, குளிர்காலத்தில் பி5 என்று பிரித்து வைத்துக்கொண்டது. பி20-ஐ எடுப்பவர்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு அது. வருடம் முழுக்க ஒரே கலவையைத்தான் ஊற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது சிக்கல் புது வண்டிகளுக்கு. நான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இது வெளியே தெரியாமல் நடக்கும். கரிவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க அவ்வப்போது புகையைச் சூடாக்க வேண்டும். சில இன்ஜின்கள் அதற்கென்று புகைக்குழாயிலேயே ஒரு தனி இன்ஜெக்டர் வைத்திருக்கின்றன. சில இன்ஜின்கள், குறிப்பாகச் சிறிய ரகங்களில், சிலிண்டருக்குள்ளேயே பிந்திய நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சுகின்றன. அதில் ஒரு பகுதி லைனர் சுவரில் பட்டு, ரிங் வழியாக இறங்கி, இன்ஜின் ஆயிலில் கலக்கும். சாதாரண டீசலாக இருந்தால் அதன் லேசான பகுதி ஆயிலின் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். பயோடீசலோ கிட்டத்தட்ட முழுதும் 330 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அதனால் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது. ஆயில் நீர்த்துப்போகும், அமிலமேறும், கடைசியில் கசடாகும்.

இதற்கு அறிகுறி டிப்ஸ்டிக்கில் தெரியும். ஓடிய வண்டியில் ஆயில் மட்டம் குறையத்தான் வேண்டும். குறி ஏறியிருந்தால், ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின் என்று சந்தோஷப்படக்கூடாது. எரிபொருள் இறங்குகிறது என்று பொருள். பி20 ஊற்றும் முன் உங்கள் வண்டி எந்த முறையில் கரியை எரிக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சிலிண்டருக்குள் பீய்ச்சும் ரகம் என்றால் ஒன்று பி7-லேயே நின்றுவிடுங்கள், அல்லது ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்து, மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டே ஓட்டுங்கள். தனி இன்ஜெக்டர் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. பயோடீசலின் கரி சற்றுக் குறைந்த சூட்டிலேயே எரிந்துவிடும் என்பதால் வடிகட்டிக்கு அது நல்லதும்கூட.

அதே வடிகட்டிக்கு இன்னொரு எதிரி உண்டு. பயோடீசல் செய்யும்போது வினையூக்கியாகப் போடும் சோடியம், பொட்டாசியம் முழுதும் கழுவப்படாமல் தங்கினால், எரிந்த பிறகு சாம்பலாகிறது. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் பகுதியையும் இந்த உலோகங்கள் மழுங்கடிக்கும். இன்ஜெக்டருக்குள் சோப்புபோல ஒரு படிவு உருவாகவும் சோடியம் காரணமாகிறது. சில மைக்ரான் இடைவெளியில், 2000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் ஊசியில் அந்தப் படிவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும். இதனால்தான் பி100-க்கான தரங்கள் சோடியமும் பொட்டாசியமும் சேர்த்து 10 லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கின்றன. பி20-இன் தரம் என்பது அதில் கலந்த பி100-இன் தரம்தான்.

மூன்றாவது, தேக்கிவைப்பது. பயோடீசல் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். சிக்குப் பிடித்த எண்ணெய்க்கு வரும் அதே கதிதான் இதற்கும். சேமித்துவைத்த பி20-ஐ ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், பி100-ஐ நான்கு மாதத்துக்குள். டேங்கிலோ குழாய் இணைப்புகளிலோ செம்பு, பித்தளை, துத்தநாகம், ஈயம் இருந்தால் கெடுவது இன்னும் வேகமாகும். நாகமுலாம் பூசிய டிரம்மில் வைப்பது அதனால் தவறு. சாதாரண இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் நல்லது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல கலவை தெளிவாக இருக்கும். கெட்டது கறுத்து, வார்னிஷ் வாடை அடிக்கும், அடியில் பிசின்போல இறங்கியிருக்கும். அந்தப் பிசின்தான் பம்ப் பிளஞ்சரைப் பிடித்து நிறுத்துவது.

தண்ணீரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டீசலில் கரைந்து நிற்கக்கூடிய தண்ணீரைப்போல் பல மடங்கு பயோடீசலில் கரைந்து நிற்கும். சூட்டில் கரைந்தது இரவுக் குளிரில் பிரிந்து டேங்கின் அடிக்கு இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் நடுவில்தான் கிருமி வளர்கிறது. போதாததற்கு, பயோடீசல் கலந்தால் தண்ணீர்த்துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிவது தாமதமாகும். வாட்டர் செப்பரேட்டரின் வேலையும் அந்த அளவுக்கு மந்தமாகிறது. அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பதை டிரைவரின் காலை வேலையாக்கிவிடுவதற்கு ஈடான தடுப்பு வேறில்லை.

கலக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. பயோடீசல் டீசலைவிடக் கனமானது. காலி டேங்கில் முதலில் அதை ஊற்றி மேலே டீசலைச் சேர்த்தால், அது குளிர்ந்தும் இருந்தால், அடியிலேயே தங்கிவிடும். உறிஞ்சுகுழாய் அடியில்தானே இருக்கிறது? பி20 என்று நம்பி நீங்கள் இன்ஜினுக்கு முதலில் கொடுப்பது பி50 ஆகவும் இருக்கலாம். டீசலை முதலில், பயோடீசலை அதன் மேல், அதுவும் கலங்காத சூட்டில். முடிந்தால் கலந்தே வரும் கலவையை வாங்குவது இன்னும் மேல்.

பி100: தனியாக ஒதுக்கிய வண்டிக்கு மட்டும்

இங்கே வந்தால் மேலே சொன்ன எல்லாமே பெருகும். லிட்டருக்கான சக்தி சுமார் 8 சதவீதம் குறையும். லோடு ஏறிய வண்டியில் அது டிரைவருக்கு நன்றாகத் தெரியும். நைட்ரைல், இயற்கை ரப்பர் ஹோஸ்கள், ஓ-ரிங்குகள் உப்பி, மிருதுவாகி, ஒழுகத் தொடங்கும். 1990-களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டிகளில் இவை அதிகம். விட்டான் போன்ற ஃபுளோரோ ரப்பருக்கு மாற்றாமல் ஊற்றவே கூடாது. கீழே சிந்தினால் பெயிண்ட் உரியும். இன்ஜின் தயாரிப்பாளரின் அனுமதியும் பெரும்பாலும் இந்த அளவுக்கு இருக்காது. வாரண்டி என்பது பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைக்குத்தான். எரிபொருளால் வந்த சேதத்துக்கு எந்தக் கலவையிலும் அவர்கள் பொறுப்பேற்பதில்லை. பி100-இல் அதை மறுப்பது அவர்களுக்கு இன்னும் எளிது.

பாதுகாப்பில் இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. டீசல் 52 டிகிரி அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடலாம் என்று அமெரிக்கத் தரம் அனுமதிக்கிறது. பி100-க்கு அந்த எல்லை 93 டிகிரி. ஆனால் பட்டறையில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பயோடீசலில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். துணியை விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் பையன்களுக்கு இதைச் சொல்லிவைப்பது உரிமையாளரின் கடமை.

குளிரில்லாத இடம், பழைய ரகப் பம்ப் உள்ள இன்ஜின், நம்பகமான தயாரிப்பாளர், வாரண்டி முடிந்த வண்டி. இந்த நான்கும் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் கொடுக்கும் காமன் ரெயில் வண்டியில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பொரித்த எண்ணெயை நேரே ஊற்றுவது

வேண்டாம். 40 டிகிரியில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4 சென்டிஸ்டோக் வரை, பயோடீசலுக்கு 4 முதல் 5, எண்ணெய்க்கோ 30-க்கும் மேல். இன்ஜெக்டரிலிருந்து தூறலாக வராமல் துளிகளாக விழும். நாசில் முனையில் கரி, ரிங்கில் பிசின், இன்ஜின் ஆயில் கூழாவது என்று வரிசையாக வரும். முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாகவே ஓடும் என்பதுதான் இதில் ஏமாற்று. ஓவர்ஹால் செலவில் எத்தனையோ டேங்க் நல்ல டீசல் வாங்கிவிடலாம்.

எச்விஓ: கிடைத்தால்

மூலப்பொருள் அதே எண்ணெய், கொழுப்புதான். ஆனால் ஹைட்ரஜன் கொண்டு ஆக்சிஜனை முழுதும் நீக்கிவிடுவதால், கெட்டுப்போகும் குணமும் தண்ணீர் சேர்க்கும் குணமும் இதற்கு வருவதில்லை. எரிபொருள் எவ்வளவு சட்டென்று பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் 70-ஐத் தாண்டும். குளிர்காலத்துக்கேற்பத் தயாரிக்கவும் முடியும். ஈஎன் 15940 என்ற தனித் தரம் இதற்கு இருக்கிறது. இன்ஜின் ஆயிலில் தங்கும் பிரச்சினையும் பயோடீசல் அளவுக்கு இல்லை. குறை என்று பார்த்தால், அடர்த்தி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில சதவீதம் சக்தி குறையும். வழவழப்புக்குச் சேர்மானம் சேர்த்திருக்க வேண்டும். இன்னொன்று, டீசலில் இருக்கும் அரோமாட்டிக் பொருட்களால் உப்பிப் பழகிய பழைய சீல்கள், இதற்கு மாறியதும் சுருங்கி ஒழுகலாம். சீல் மாற்றினால் தீர்ந்தது. ஆக, தொழில்நுட்பத்தில் இது பயோடீசலைவிடக் குறைந்த ஆபத்து. விலையும் கிடைக்கும் தன்மையும்தான் தடை. எதையும் மாற்ற விரும்பாத, புகையை மட்டும் குறைக்க விரும்பும் பெரிய போக்குவரத்து நிறுவனங்களுக்கு இது பொருந்தும்.

முடிவெடுக்கும்போது

தினமும் ஓடும், கரி எரிக்கத் தனி இன்ஜெக்டர் உள்ள நெடுந்தூர லாரி என்றால் பி20-ஐத் தாராளமாக எடுங்கள். மாறும் முன் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். வண்டியில் இரண்டு உபரி ஃபில்டர் இருக்கட்டும், முதல் ஃபில்டரை வழக்கமான காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். குளிர்காலத்தில் பி5-க்கு இறங்குங்கள். கரிவடிகட்டியே இல்லாத, வாரண்டி முடிந்த நடுவயது வண்டிக்கும் பி20 நன்றாகவே ஒத்துவரும், ஹோஸும் சீலும் பார்த்துக்கொண்டால்.

சப்ளையரிடம் கேட்க வேண்டியவை நான்கு. கலவையில் சேர்த்த பி100-க்கு ஏஎஸ்டிஎம் டி6751 அல்லது ஈஎன் 14214 சோதனை அறிக்கை இருக்கிறதா? எந்த எண்ணெயிலிருந்து செய்தது, எத்தனை டிகிரியில் கலங்கும்? ஆக்சிஜனேற்ற நிலைப்பு எத்தனை மணி நேரம்? எப்போது தயாரித்தது? 110 டிகிரியில் காற்றை ஊதிப் பார்க்கும் அந்த நிலைப்புச் சோதனையில் அமெரிக்கத் தரம் பி100-க்கு 3 மணி நேரம்தான் கேட்கிறது, ஐரோப்பியத் தரம் 8 மணி நேரம் கேட்கிறது. இரண்டையும் தேறியது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம் என்பதால், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை கொடுக்கத் தயங்குகிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒவ்வொரு லோடிலும் ஒரு லிட்டர் மாதிரி எடுத்து, தேதி எழுதி, இருட்டில் வைத்துவிட்டால், பின்னால் இன்ஜெக்டர் போனால் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.

தீயணைப்பு வண்டி, அறுவடைக் காலத்தில் மட்டும் ஓடும் லாரி, அவசரத்துக்கென்று நிறுத்திவைத்த வண்டி ஆகியவற்றுக்கு பி20 வேண்டாம். பயோடீசல் கலக்காத டீசல் அல்லது எச்விஓ ஊற்றி, ஈரக்காற்று புகாமலிருக்க டேங்கை நிறைத்து வையுங்கள். ஏற்கெனவே பி20 இருக்கும் வண்டியை நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், கடைசி ஒன்றிரண்டு டேங்கை வெறும் டீசலில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பம்பிலும் இன்ஜெக்டரிலும் நிற்கப்போவது அந்தக் கடைசி எரிபொருள்தான்.